எக்ஸ்ரேயில் சித்தி கண்ட குமிழி

மேடை, பொன்னாடை, ஃப்ளெக்ஸ் என்றாலே இப்போது எனக்குக் குமட்டுகிறது. நிலவில் நம் கலம் இறங்கிய மாதத்தில் திருவண்ணாமலையில் திரும்பிய பக்கமெல்லாம் ஃப்ளெக்ஸ். ராக்கெட்டைக் கண்ணால் பார்த்திராத பிரமுகர்கள் அதற்குப் பக்கத்தில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தமிழாசிரியையாக இருக்கும் பெண்கள் பள்ளியிலும் ஒரு பாராட்டு விழா வேண்டும் என்றார்கள். என் சித்தியைக் கூப்பிடலாம் என்று நான்தான் சொன்னேன்.

சித்தி முப்பது வருடம் ராக்கெட் நிலையத்தில் வேலை பார்த்தவள். ராக்கெட்டின் திட எரிபொருளைக் கெட்டி மாவு போல ஊற்றி இறுக வைப்பார்களாம். உள்ளே ஒரு குமிழி தங்கினாலும் ராக்கெட் வெடித்துவிடலாம். அந்தக் குமிழியை எக்ஸ்ரே படத்தில் தேடுவதுதான் அவள் வேலை. ஒருமுறை அவள் காட்டிய புள்ளியை எல்லோரும் படத்தில் விழுந்த கறை என்றார்கள். குறையில்லை என்று கையெழுத்துப் போட மாட்டேன் எனச் சித்தி உட்கார்ந்துவிட்டாள். இறுகிய எரிபொருளை அறுத்துப் பார்த்தால் உள்ளே கோலிக்குண்டு அளவுக்குப் பொந்து. அதை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. எங்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் விழாவில் சொல்வதற்காக நான்கு தாளில் எழுதி, வாய்விட்டுப் படித்துப் பழகினாள். "அறுபத்தெட்டு வயசுல மொத தடவ மைக் புடிக்கப் போறேன்டி" என்றாள் போனில்.

சித்தப்பாவும் அதே நிலையத்தில்தான் இருந்தார், ஸ்டோர்ஸில். கையுறையும் திருகாணியும் எடுத்துக் கொடுக்கும் பிரிவு.

அழைப்பிதழைப் பார்த்த பெற்றோர் சங்கத் தலைவர் முகம் சுளித்தார். "பொம்பள பேர மட்டும் போட்டா வீட்டுக்காரருக்கு மரியாதையா இருக்குமா டீச்சர்? அவர் பேர மேல போடுங்க." போட்டேன். ஃப்ளெக்ஸ்காரர் இடம் கம்மி என்று கீழே இருந்த சித்தி பேரையே எடுத்துவிட்டார். அறுபதாம் கல்யாணப் படத்திலிருந்து சித்தியை வெட்டிவிட்டு, சித்தப்பா தலையை மட்டும் நிலவுக்குப் பக்கத்தில் ஒட்டினார். அதையும் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

விழாவில் சித்தப்பாவுக்குப் பொன்னாடை. சித்திக்குத் தாம்பூலத் தட்டில் குங்குமமும் ஜாக்கெட் துணியும். மைக் சித்தப்பாவிடம் போனது. வெட்கமே இல்லாமல் அந்தக் குமிழிக் கதையைச் சொன்னார். "அத்தன பேரும் கறைன்னாங்க. நாங்க உடல. நிறுத்துங்கன்னு சொல்லிட்டோம்."

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று ஒரு மாணவி எழுந்து கேட்டாள். "அதெல்லாம் அனுபவம்மா" என்றார். கைதட்டல். சித்தி வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் தலைவர், "நேரம் ஜாஸ்தி ஆயிடுச்சு, நன்றியுரைக்குப் போயிடலாங்க" என்றார்.

நன்றியுரை என்னுடையது. மைக் என் கைக்கு வந்தது. சித்தி என்னைப் பார்த்துவிட்டு, மடியிலிருந்த நான்கு தாள்களையும் நீவிச் சரிசெய்துகொண்டாள். தலைவர் மேலும் சித்தப்பா மேலும் எனக்கு வந்த அருவருப்பு கொஞ்சநஞ்சமில்லை. சித்தியைப் பேசச் சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அத்தனை பேரைப் பார்த்ததும் என் தாளைப் பிரித்தேன். முதல்நாள் ஃப்ளெக்ஸைப் பார்த்து, பழக்க தோஷத்தில் நானே எழுதி வைத்திருந்ததை நானே வாசித்தேன்: "விஞ்ஞானி ஐயா அவர்களுக்கும், உடன் வந்து சிறப்பித்த அவர்தம் துணைவியாருக்கும் நன்றி."

சித்தி எழுந்து சபையைப் பார்த்துக் கும்பிட்டாள்.