துணிக்கொடியில் சிக்கிய பஞ்சு

லப்பைக்குடிக்காட்டில் வளைகுடாவுக்கு ஆள் போகாத வீடு குறைவு. கடையில் நிற்கிறார், வண்டி ஓட்டுகிறார் என்றால் எல்லோருக்கும் விளங்கிவிடும். மதாரின் வேலையை மட்டும் ஒவ்வொரு விடுமுறையிலும் புதிதாக விளக்க வேண்டியிருந்தது.

பணக்காரர்கள் பொழுதுபோக்காக ஓட்டும் பாய்மரப் படகுகளைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில், துபாயில், அவர் 1995 முதல் இருந்தார். துணித் தொட்டிலில் உட்கார்ந்துகொள்வார். கீழிருந்து கயிற்றை இழுத்து அவரைப் பாய்மரத்தின் உச்சிக்கு ஏற்றுவார்கள். மரத்தை நிமிர்த்திப் பிடித்திருக்கும் எஃகு வடங்களைச் சோதித்தபடியே இறங்குவார்.

"வெள்ளாத்துல முழங்கா தண்ணி இல்ல. நம்மூர் ஆளு கப்பலுக்கு வைத்தியம் பாக்குறாரு" என்று டீக்கடையில் கேலி செய்வார்கள்.

"கப்பல் இல்ல, படகு. ஒரு வடம் விட்டுச்சுன்னா மரம் ஆள் தலையிலதான் வந்து வுழும்" என்பார் மதார், சிரிக்காமல்.

பஞ்சை வடத்தில் சுற்றிப் பிடித்து இழுத்து வருவது அவர் வழக்கம். கம்பி இழை அறுந்த இடத்தில் பஞ்சு சிக்கும். ஆனால் வடத்தின் நுனியைக் கவ்வியிருக்கும் எஃகுக் குழலில் விழும் விரிசல் பஞ்சுக்கு அகப்படாது. அதில் சாயம் பூசித் துடைத்தால் மயிரிழை போல ஒரு கோடு நிற்கும். அதைக் கண்தான் பார்க்க வேண்டும்.

2003 மார்ச்சில் ஊர் வந்தபோது அந்தக் கண்தான் போய்க்கொண்டிருந்தது. சர்க்கரை நோய். போன பார்வை திரும்பாது என்று திருச்சி மருத்துவர் சொல்லிவிட்டார். ஆறு மாதத்துக்குள் துபாய் திரும்பாவிட்டால் விசா செல்லாது. வேறு வேலை மதாருக்குத் தெரியாது.

பட்டறையில் கழித்துப்போட்ட வடம் ஒன்று அவர் வீட்டுக் கொல்லையில் துணிக்கொடியாகக் கட்டியிருந்தது. தினமும் காலையில் கண்ணை மூடிக்கொண்டு அதில் பஞ்சை ஓட்டிப் பழகினார். மனைவி ஆயிஷா பீவி பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆகஸ்டில் ஆயிஷாவின் தம்பி அப்துல் சலாம் விடுமுறையில் வந்தார். பட்டறையில் கீழே நின்று தொட்டில் கயிற்றை இழுப்பவர் அவர்தான். இருவரும் சேர்ந்து திரும்புவதாகப் பேச்சு. டிக்கெட் எடுப்பதற்கு முன் தன்னைச் சோதித்துப் பார்க்கும்படி மதாரே கேட்டார்.

பட்டறைக்குப் புதிதாக வருபவர்களுக்குக் காட்டுவதற்காக வைத்திருந்த இரண்டு குழல்கள் மதாரிடம் இருந்தன. ஒன்று நல்லது, ஒன்று விரிசல் விட்டது. ஆயிஷா பீவி இரண்டிலும் சொட்டு நீலத்தைத் தடவி, துடைத்து, கணவர் கையில் கொடுத்தார். எதிர்வீட்டுக்காரனான நானும் அங்கிருந்தேன். நீலக் கோடு எனக்கே தெரிந்தது.

மதார் வெயிலுக்கு நகர்ந்து, இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒன்றை நீட்டினார்.

"இதுதான் வுட்டது."

அது நல்ல குழல்.

"கரெக்ட் மச்சான்!" என்றார் சலாம். "ஒங்க கண்ணுக்கு ஒண்ணுமில்லன்னு நான்தான் சொன்னேன்ல."

மதாரின் முகம் மலர்ந்தது. "அப்பறம் என்ன மாப்ள, டிக்கெட்டப் போட்டுரு."

ஆயிஷா பீவி தம்பியின் பக்கம் திரும்பினார். "ஏன்டா, இவங்க பாத்துட்டு எறங்குன மரத்துக்குக் கீழ நீ நிப்பியா?"

"ஏன்க்கா நிக்க மாட்டேன்?"

"அல்லா அறியச் சொல்லு."

சலாம் தரையைப் பார்த்தார். மதார் இரண்டு குழல்களையும் விரலால் தடவிக்கொண்டே பதிலுக்குக் காத்திருந்தார்.

"வேணாம், சொல்ல வேணாம்" என்று குழல்களை மனைவியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

சலாம் தனியாகப் புறப்பட்டார். செப்டம்பரோடு மதாரின் விசா முடிந்தது. பெரம்பலூரில் இரண்டு இடத்தில் வேலை கேட்டார். பார்வைக் குறை தெரிந்ததும் அனுப்பிவிட்டார்கள்.

காலையில் பஞ்சு ஓட்டுவதை மட்டும் அவர் விடவில்லை. 2005 மழைக்காலத்தில் ஒருநாள் பஞ்சு சிக்கியது. அந்த இடத்தை விரலால் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார்.

"ஆயிஷா, இங்க ஒரு எழ வுட்டிருக்கு. பாரேன்."

"துணிக்கொடிதானங்க" என்றார் உள்ளிருந்து அவர். "இருந்துட்டுப் போவட்டும்."

மதார் பிடித்த விரலை எடுக்காமல் நின்றார்.