முகம் வேண்டாம் என்றவர்

ஒருவருடைய உழைப்பை மதிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அவருடைய முகத்தை எடுத்துக்கொள்ள எனக்கு யார் உரிமை தந்தார்கள்?

எண்பதுகளின் கடைசியில், பட்டப்படிப்பு முடித்த கையோடு, லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் பழைய ஒல்லாந்து (டச்சு) அச்சுப் படங்களை அடிக்கடி போய்ப் பார்த்தேன். செப்புத் தகட்டில் கீறி, அமிலத்தால் அரித்து அச்சிட்டவை. பல உள்ளங்கை அளவே இருக்கும். சாணைக்கல்லில் குனிந்து கத்தி தீட்டுபவன், அப்பம் சுடும் கிழவி, தறியில் அமர்ந்த நெசவாளி. பிரபுக்களுக்குக் கொடுத்திருக்கக்கூடிய அதே கவனத்தோடு அவர்களுடைய முகச் சுருக்கங்களையும் கீறியிருந்தார்கள். லண்டனுக்கு வந்துசேர்ந்த நம்மவர்களின் வேலையையும் அப்படி வரைந்து பதிய வேண்டும் என்று தீர்மானித்தேன்.

லண்டன் கிங்ஸ்பரியில் என்னோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அவர் யாழ்ப்பாணத்தில் வங்கி அதிகாரியாக இருந்தவர். இங்கே உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினார். கொழும்பில் தங்கியிருந்த மனைவிக்கும் மகளுக்கும் கந்தோர் வேலை, அலுவலக உத்தியோகம், என்று எழுதிவந்தார். வரையலாமா என்று கேட்டேன்.

“கீறும் தம்பி. கோப்பையைக் கீறும், முதுகைக் கீறும். முகம் மட்டும் வேண்டாம். மகள் அப்பா கந்தோரிலை எண்டு பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரியிறாள்.”

“ஓம் அண்ணை.”

உணவகத்தின் பின்கதவில் நின்று வரைந்தேன். முகமில்லாத படம் அவருக்கு அவமதிப்பு என்று எனக்குப் பட்டது. வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து முகத்தைச் சேர்த்தேன். தமிழ்ப் பள்ளி மண்டபத்தில் அதை மற்றப் படங்களோடு தொங்கவிட்டேன். பார்க்க வந்த அவருடைய ஊர்க்காரர் ஒருவர், பெருமையாகத்தான், அதைப் புகைப்படம் எடுத்துக் கொழும்பில் அண்ணையின் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

சில வாரங்களின் பின் அண்ணை தெருமுனைத் தொலைபேசிக் கூண்டிலிருந்து திரும்பிவந்தார்.

“பிள்ளை ஃபோனுக்கு வரமாட்டாளாம். கோப்பை கழுவினதுக்கில்லை, பொய் சொன்னதுக்கு.”

மன்னிப்புக் கேட்டேன்.

“படத்திலை பிழையில்லைத் தம்பி. மூக்குக்கூடச் சரி” என்று சொல்லிவிட்டு உடுப்புத் தோய்க்கப் போனார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்தப் பொய்யை அவருடைய கூச்சம் என்று எண்ணி, அதைப் போக்குவது என் கடமை என்று நினைத்திருந்தேன். அது மகளுக்காக அவர் காத்துவந்த நிம்மதி என்பதை யோசிக்கவில்லை. அந்த அச்சுப் படத்தில் கத்தி தீட்டியவனுக்கும் ஒரு மகள் இருந்திருக்கலாம் என்பதும் அப்போதுதான் தோன்றியது.

அந்தக் குளிர்காலத்தில் அண்ணை ஹவுன்ஸ்லோவுக்கு வீடு மாறினார். அதன் பிறகு நான் வரைந்த எந்தப் படத்தையும், அதில் இருப்பவர் பார்த்துச் சம்மதிக்கும்முன் வேறு எவருக்கும் காட்டியதில்லை.