அக்கா ஏறி நின்ற பலகை

ஈப்போவை ஒட்டிய சிலிபினில் நாங்கள் வீடு கட்டியது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில். சுவர்ப் பலகை அடித்தாகிவிட்டது, தகரக் கூரையும் போட்டாகிவிட்டது. தரை மட்டும் பாக்கி. மழை பெய்தால் கணுக்கால் வரை தண்ணீர் நிற்கிற நிலம் அது. அதனால் வீட்டைக் குட்டைத் தூண்களின் மேல் தூக்கிக் கட்டியிருந்தோம். தரையும் பலகையாகத்தான் இருந்தாக வேண்டும். எந்த மரத்துப் பலகை என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வியை நான் என் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டேன். ஈப்போ ரயில் நிலையத்தின் சரக்குக் கொட்டகையில் எனக்குக் கிராணி வேலை. எந்த வண்டியில் என்ன மரம் எங்கே போகிறது என்று நாள் முழுவதும் எழுதுவேன். மெரந்தி, கெருயிங், செங்கல் என்று மரங்களின் மலாய்ப் பெயர்கள் எல்லாம் எனக்கு அத்துப்படி. அழகாகவும் எழுதுவேன். அந்த மரங்களில் ஒன்றைக்கூட மற்றொன்றிலிருந்து பிரித்துச் சொல்லத் தெரியாது என்பது எனக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.

"தரைக்குச் செங்கல் மரம்தான். நூறு வருசம் நிக்கும்," என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அறிவித்தேன்.

என் அக்கா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "செங்கல்லுல ஏதுடா மரம்?"

"செங்கல்லு இல்லக்கா. செங்கல். அது மரத்தோட பேரு."

"அதத்தான நானும் சொல்றேன்."

என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பதினைந்து வருஷம் பால் மரம் வெட்டியவள். தோளில் கம்பு போட்டு, இரண்டு பக்கமும் பால் வாளி தொங்க, மேடு பள்ளம் பார்க்காமல் நடந்த உடம்பு. நல்ல உயரம், அதற்குத் தக்க அகலம். அவள் கணவர் காய்ச்சலில் இறந்த பிறகு எங்களோடு வந்துவிட்டாள். நாங்கள் அதுவரை இருந்த வாடகை அறையில் சிமெண்டுத் தரை. அதில் படுத்துப் படுத்து அவளுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. பலகைத் தரை வேண்டும் என்று நான் இத்தனை அவசரப்பட்டதற்கு அவள் முழங்காலும் ஒரு காரணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் செமோருக்குப் புறப்பட்டோம். ஏழு பேர் உட்காரும் சின்ன பஸ் ஒன்று அப்போது ஓடும். கொசு பஸ் என்பார்கள். அதிலிருந்து இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் பலகை ஆலை. அதன் தவுக்கே, அதாவது முதலாளி, ஒல்லியான சீனர், வாயில் எப்போதும் பற்றவைக்காத சுருட்டு. அவரோடு நாங்கள் பேசியது சந்தை மலாயில்தான். அவர் எங்களை ஒரு பலகை அடுக்கின் முன்னால் கொண்டு நிறுத்தி, "அசல் செங்கல்," என்றார். நல்ல சிவப்பு நிறத்தில் வழவழவென்று இருந்தது.

மரம் தெரிந்தவன் இப்போது என்ன செய்வான் என்று யோசித்தேன். முதலில் விரல் முட்டியால் தட்டினேன். காதை வைத்துக் கேட்டேன். முகர்ந்து பார்த்தேன். தவுக்கேயும் இரண்டு ஆலைக்காரர்களும் மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் பார்க்கும்போது அதோடு நிறுத்த மனம் வரவில்லை. குனிந்து, பலகையின் ஓரத்தை ஒரு முறை நக்கினேன்.

"ம்," என்றேன். "நல்ல மரம்."

இப்படி நக்கிப் பார்க்கிற வழக்கம் எங்கேயாவது உண்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

என் மனைவி மட்டும், "ஏங்க, யாராவது ஏறி நின்னு பாக்க வேணாமா?" என்றாள். அதுவும் சரியாகவே பட்டது. தவுக்கே இரண்டு மரக்கட்டைகளை இடைவெளி விட்டுப் போடச் சொல்லி, அவற்றின் மேல் ஒரு பலகையைப் பாலம் போல வைத்தார். அக்கா சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். இரண்டு அடி வைத்தாள். மூன்றாவது அடியில் படார் என்று பலகை இரண்டாக முறிந்தது. அக்கா மரத்தூள் குவியலில் உட்கார்ந்திருந்தாள்.

அடி ஒன்றும் படவில்லை. ஆனால் ஆலைக்காரர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். தவுக்கே சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ஆள் கனம் ஜாஸ்தி லா," என்றார்.

அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதை எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். என்ன சொன்னேன் என்றால், "ஆமாம், அக்கா கொஞ்சம் கனம்தான்." ஒரு வெளியாளிடம் மரியாதையாகப் பேச வேண்டும் என்கிற பழக்கத்தில் வாயிலிருந்து வந்துவிட்டது.

அக்கா எழுந்தாள். சேலையில் ஒட்டிய மரத்தூளைத் தட்டினாள். போய், வாசலுக்குப் பக்கத்தில் கிடந்த பெரிய மரத்துண்டின் மேல், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா..." என்று பக்கத்தில் போனேன். திரும்பவில்லை. அவள் தோள் லேசாக அசைந்தது. அழுகிறாள் என்று புரிந்தது.

என்ன செய்வதென்று தெரியாமல் மனைவியிடம் திரும்பி வந்து, "நீயாவது போய்ச் சொல்லேன்," என்றேன். அவள் என் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"வெத்தல போட்டீங்களா?"

"இல்லையே."

"நாக்க நீட்டுங்க."

நீட்டினேன். அவள் பார்த்துவிட்டு நேராகப் பலகை அடுக்குக்குப் போனாள். முந்தானை நுனியை எச்சிலில் நனைத்துப் பலகையைத் தேய்த்தாள். துணி சிவந்தது. அப்புறம் முறிந்த துண்டை எடுத்து முறிந்த இடத்தைத் தவுக்கேயின் மூக்குக்கு நேரே நீட்டினாள். உள்ளே மரம் வெளுத்துப் போய், பூச்சி துளைத்த ஓட்டைகளிலிருந்து மாவு போலக் கொட்டியது.

"இதுக்குப் பேரு செங்கலா? எங்க அண்ணி ஏறலேன்னாலும் இது முறியும். ஒரு பூன ஏறினா முறியும்!" என்று ஆலை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். சொன்னது தமிழில்தான். ஆனால் தவுக்கேக்கு நன்றாகவே புரிந்தது.

அவர் தன் விரலை நனைத்துத் தேய்த்துப் பார்த்தார். விரல் சிவந்ததும் அவர் முகமும் சிவந்தது. பிறகு ஆலை மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கண்டனீஸ் மொழியில் கத்தத் தொடங்கினார். யாரோ ஒரு புதிய வியாபாரி மட்ட மரத்துக்குச் சாயம் பூசி அவர் தலையிலேயே கட்டிவிட்டுப் போயிருக்கிறான் என்பது, நடுநடுவே அவர் மலாயில் திட்டியதிலிருந்து எங்களுக்குப் புரிந்தது. எங்களைவிட அதிகம் ஏமாந்தவர் அவர்தான்.

பின்கட்டிலிருந்து வேறொரு பலகையைக் கொண்டுவரச் சொன்னார். நான்கு பேர் தூக்கி வந்தார்கள். பார்க்க அழகாக இல்லை. மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம். அதைக் கட்டைகளின் மேல் வைத்துவிட்டு, அக்காவைப் பார்த்து மிகப் பணிவாக, "காக்கா, ஏறிப் பாருங்கள்," என்றார். மலாயில் காக்கா என்றால் அக்கா. என் அக்காவுக்கு அது தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் அவள் முகத்தில் ஒரு கறுப்பு ஓடியது. அவள் எழுந்திருக்கவில்லை.

தவுக்கே தானே ஏறிக் குதித்துக் காட்டினார்.

"நீங்க காத்து மாதிரி இருக்கீங்க. பத்தாது," என்றாள் என் மனைவி.

அவர் ஒரு ஆலைக்காரனை ஏறச் சொன்னார். பத்தாது என்றாள். இன்னொருவனும் ஏறினான். "நீங்களும் போங்க," என்று என்னைத் தள்ளினாள். கடைசியில் வாசலில் நின்ற மாட்டுவண்டிக்காரரையும் கூப்பிட்டார்கள். ஒரு சாண் அகலப் பலகையில் ஐந்து பேர், ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு, வரிசையாக நின்றோம். பலகை அசையவில்லை. நாங்கள்தான் அசைந்தோம். வண்டிக்காரர் வலது பக்கம் சாய, அவரைப் பிடித்திருந்த தவுக்கே இடது பக்கம் இழுக்க, ஐந்து பேரும் நாணல் மாதிரி ஆடினோம்.

முதலில் ஒரு விக்கல் போலத்தான் கேட்டது. பார்த்தால் அக்கா. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். அடக்க முடியாமல் மரத்துண்டைக் கையால் அடித்துச் சிரிக்கிறாள்.

"எறங்குங்கடா எல்லாரும்!" என்று எழுந்து வந்தாள்.

பலகையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தாள். நடுவில் நின்று குதிகாலால் ஓங்கி மிதித்தாள். பலகை சத்தம்கூடப் போடவில்லை.

"இது என்ன மரம்?"

"செங்கல்க்கா," என்றேன்.

"அப்டிச் சொல்லு," என்றாள், கல்லைத்தான் பலகையாக அறுத்திருக்கிறார்கள் என்பது போல.

அதற்குப் பிறகு எனக்கு அங்கே வேலை இல்லை. அடுக்கிலிருந்து ஒவ்வொரு பலகையாகக் கட்டையின் மேல் போடச் சொல்லி, அக்காவே நடந்து பார்த்துப் பொறுக்கினாள். எங்கே அழுத்தினால் மரம் பேசும் என்று அவள் காலுக்கே தெரிந்திருந்தது. நல்ல மரத்திலேயே வெடிப்பு ஓடியவற்றைத் தனியாக ஒதுக்கினாள். தவுக்கே நாற்காலி போட்டார், தேநீர் கொடுத்தார், கடைசியில் தன் மற்ற அடுக்குகளையும் ஒரு தடவை மிதித்துப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். அக்கா தேநீரைக் குடித்துவிட்டு அதையும் செய்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சிலிபின் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், "நான் அப்டிச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா," என்றேன்.

"எப்டி?"

"கனம்னு."

அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கனம்தான்டா. அதுல என்ன. அவன் சொல்லலாம். நீ ஆமாம் போடலாமா?"

பிறகு அவளே, "நீ மரத்த நக்கினப்பவே எனக்குத் தெரியும் லா, ஒனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு," என்றாள். முன்னால் இருந்த என் மனைவியின் முதுகு குலுங்கியது.

தரை போட வந்த தச்சருக்கு அந்த மரம் பெரும் சோதனையாகிவிட்டது. ஆணி அடித்தால் ஆணி வளைந்தது. ஒவ்வொரு ஆணிக்கும் முதலில் துளை போட வேண்டியிருந்தது. துளை போடுகிற கருவியும் இரண்டு முறை முனை மழுங்கியது. "யாருங்க இந்த மரத்தப் பாத்து எடுத்தது?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். அக்கா இருக்கிற பக்கம் கையைக் காட்டினேன். அவர் அவளை ஒரு முறை பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

தரை முடிந்த அன்று மத்தியானம் அக்கா பாய்கூட விரிக்காமல் நடு வீட்டில் மல்லாந்து படுத்தாள். இரண்டு கைகளையும் அகலமாக விரித்துக்கொண்டாள். நாங்கள் அவளைச் சுற்றிச் சுற்றி நடமாடினோம். சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.

செய்தி எப்படியோ பரவிவிட்டது. அடுத்த மாதம் எங்கள் வரிசையில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு வாத்தியார் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கனகச்சிதமாகப் பேசுபவர். தொண்டையைச் செருமிக்கொண்டு, "பலகை வாங்கப் போறன். உங்கட அக்கா ஒரு நாள் எங்களோட வந்தா நல்லா இருக்கும்," என்று என்னிடம் கேட்டார். ஏன் என்று அவர் விளக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

உள்ளே இருந்து அக்காவின் குரல் வந்தது. "ஞாயித்துக்கெழம காலைல வாரேன்னு சொல்லு. பஸ்ஸெல்லாம் வேணாம். மாட்டு வண்டி கொண்டாரச் சொல்லு."