மெஷினுக்கு மிளகு வைத்தியம்

மட்டாஞ்சேரியில் நான் பார்த்த உத்தியோகத்துக்கு ‘கரஸ்பாண்டன்ட்’ என்று பெயர். மிளகு ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் ஆங்கிலக் கடிதம் எழுதுகிறவன், அவ்வளவுதான். கடல் கடந்த ஊரில் மிளகு வாங்கினவன், ‘உங்கள் மூட்டையில் தூசி அதிகம்’ என்று எழுதுவான். ‘தங்கள் மேலான கடிதம் கிடைக்கப்பெற்றோம்’ என்று ஆரம்பித்து, அந்தத் தூசி அவனுடைய துறைமுகத்திலேயே சேர்ந்திருக்கலாம் என்பதை அவன் மனம் நோகாமல் நான் சொல்ல வேண்டும். பதினொரு வருஷம் சொன்னேன். அதை இலக்கியம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் மூன்று அலமாரி புத்தகம் வைத்திருந்தேன். அந்த மூன்று அலமாரியும் சேர்ந்து என்னை இப்படி ஆக்கியிருந்தது.

நான் சொல்லச் சொல்ல டைப் அடிக்க, எதிர் மேஜையில் ஒரு அம்மாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், ஆகவே எனக்குச் சேச்சி. வீட்டில் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம், அடிப்பது இங்கிலீஷ். திருப்பூணித்துறையிலிருந்து பஸ், போட், நடை என்று தினம் மூன்று வாகனத்தில் வருவார். நான் ‘டிஸ்க்ரிபன்சி’ என்று சொல்லி முடிப்பதற்குள் அடித்துவிட்டு, அடுத்த வார்த்தைக்காக என் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வையை மரியாதை என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் பின்பாதியில் எங்கள் முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். புதிது அல்ல. ஒரு கப்பல் ஏஜென்சி வேண்டாம் என்று தலைமுழுகினது. இரண்டு சுமட்டுத் தொழிலாளிகள் அதைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தார்கள்.

“இதில என்னா இருக்கு சாரே?” என்று ஒருவர் கேட்டார்.

“மூளை.”

“அதான் கனமே இல்ல.”

முதலாளி எங்கள் இருவரையும் நிற்க வைத்து, ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: “இது நல்லபடியா ஓடட்டும். ஓடினா உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் போதும். ஓணம் வரைக்கும் பாக்கறேன்.”

சேச்சி தரையைப் பார்த்தார். அவர் வீட்டில் சம்பாதிக்கிற இன்னொரு கை கிடையாது. என் வீட்டிலும் கிடையாதுதான். ஆனால் எனக்குத் தர்க்கம் தெரியும். கம்ப்யூட்டர் டைப் அடிக்கும், கடிதம் யோசிக்காது. ஆகவே போகப்போவது டைப்பிஸ்ட். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அன்று மாலையே அவரிடம் ரொம்ப இரக்கமாக, “கவலைப்படாதீங்க சேச்சி, ஏதாவது வழி பிறக்கும்” என்று சொன்னேன். இரக்கப்படுவது எனக்கு நன்றாக வரும்.

இனி மிளகைப் பற்றி. மட்டாஞ்சேரியில் மிளகுக்கு ஒரே ஒரு விரோதி உண்டு: ஈரம். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், வாங்கினவன் திருப்பி அனுப்புவான், நான் மேலான கடிதம் எழுத வேண்டியிருக்கும். அதனால் ஒவ்வொரு மிளகு ஆபீசிலும் சாம்பிள் வைக்கும் தேக்கு அலமாரிக்குள் ஒரு பல்பு தொங்கும். மழை வந்ததும் முதல் வேலை ஜன்னலை அடைப்பது, இரண்டாவது வேலை அந்தப் பல்பைப் போடுவது. உள்ளே கதகதப்பாக இருக்கும், மிளகு மொறமொறவென்று இருக்கும். பரம்பரையாக வருகிற ஞானம்.

அந்த ஞானத்தைக் கம்ப்யூட்டருக்கும் கொடுத்தோம். கொடுத்தோம் என்று பன்மையில் சொல்வது கோழைத்தனம். யோசனை என்னுடையது. காலியாகக் கிடந்த, கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சாம்பிள் அலமாரிக்குள் பெட்டியையும் திரையையும் ஏற்றி, எழுத்துப்பலகையை மட்டும் வெளியே ஒரு பலகையில் இழுத்து வைத்தோம். பின்பக்க இடுக்குகளில் சாக்குத்துணியைத் திணித்து அடைத்தோம். உள்ளே நாற்பது வாட் பல்பு. முதலாளி வந்து பார்த்து, சுற்றி நடந்து, கட்டையைத் தட்டி, “இனி ஒரு பொட்டு ஈரம் உள்ள போகாது” என்றார். போகவும் இல்லை.

முதல் நாலு நாள் வெயில். மெஷின் சமர்த்தாக ஓடியது. ஐந்தாம் நாள் சேச்சி ஒரு பேக்கிங் லிஸ்ட் அடித்துக்கொண்டிருந்தபோது, பச்சை எழுத்துகள் இருந்தது இருந்தபடி நின்றன. கண் சிமிட்டிக்கொண்டிருந்த கோடு சிமிட்டுவதை நிறுத்தியது. எந்தக் கட்டையை அழுத்தினாலும் பதில் இல்லை.

“மரவிச்சுப் போச்சு சாரே” என்றார் சேச்சி. கை கால் மரத்துப்போனால் சொல்கிற மலையாள வார்த்தை. அதைவிட நல்ல வார்த்தையை இன்றுவரை நான் கேட்டதில்லை. அணைத்துப் போட்டால் உயிர் வரும். ஆனால் அதுவரை அடித்தது எல்லாம் போயிருக்கும். சேச்சி முதல் வரியிலிருந்து அடிப்பார்.

அதன்பின் அது இஷ்டப்படி மரவிச்சது. சில நாள் மூன்று தடவை. சில நாள் ஒன்றுமே இல்லை. எர்ணாகுளத்திலிருந்து டை கட்டிய ஒரு மெக்கானிக் வந்தார். வந்த அன்று நல்ல வெயில். மெஷின் அவர் முன்னால், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்த பெண் மாதிரி, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னது. அலமாரியை அவர் ஒரு மரியாதையோடு பார்த்தார். ஏதோ ஏற்றுமதிக்காரர்களின் வழக்கம் என்று நினைத்திருப்பார். “எர்த்திங் சரியில்லை” என்று சொல்லிவிட்டு போட்டைப் பிடிக்கப் போய்விட்டார். காரணம் தெரியாத மெக்கானிக்குக் கைகொடுக்கிற தெய்வம் எர்த்திங். முற்றத்தில் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் கல்லுப்பும் கொட்டினோம். தினம் அதற்கு ஒரு குடம் தண்ணீர் விடச் சொன்னார். துளசிக்கு விடுகிற பக்தியோடு விட்டோம். குழி குளிர்ந்தது. மெஷின் மரவிச்சது.

இனி ஆராய்ச்சிதான் வழி என்று முடிவு செய்தேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, கோடு போட்டு, மெஷின் நின்ற நாள், நேரம், அப்போது ஆபீசில் இருந்தவர்கள், வெளியே வானிலை என்று எழுத ஆரம்பித்தேன். பத்து நாளில் எனக்கு விஷயம் பிடிபட்டது. நின்ற நேரங்களில் எல்லாம் மழை! அல்லது மழை விட்டு அரை மணி, ஒரு மணி ஆகியிருந்தது. எனக்குப் புல்லரித்தது. நோட்டைத் தூக்கிக்கொண்டு முதலாளியிடம் ஓடினேன்.

“ஈரம்தான் முதலாளி. சந்தேகமே இல்லை.”

“மழை விட்டப்புறமும் நிக்குதே?”

“ஈரம் மெதுவா இறங்கும்.”

இந்தச் சித்தாந்தத்துக்கு எந்த ஆதாரமும் கிடையாது. ஆனால் தாடையைத் தடவிக்கொண்டு சொன்னேன். அவரும் தாடையைத் தடவிக்கொண்டு ஒப்புக்கொண்டார். நாற்பது வாட் பல்பைக் கழற்றி அறுபது போட்டோம். இன்னும் கொஞ்சம் சாக்குத்துணி. மெஷின் அடிக்கடி நிற்கத் தொடங்கியது. ஈரம் கடுமையாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு, நூறு வாட் போட்டோம்.

ஒரு நாள் சேச்சி நனைந்து வந்தார். கைக்குட்டையைப் பிழிந்து அலமாரியின் மேல் விரித்துவிட்டு, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாரே, இதுக்குப் புழுங்குதோன்னு தோணுது.”

“எதுக்கு?”

“மெஷினுக்கு. பத்து நிமிஷத்துல கைக்குட்டை காஞ்சு போச்சு.”

“காயறதுதானே சேச்சி நமக்கு வேணும்!”

அவர் கைக்குட்டையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். நான் நோட்டைத் திறந்து, அலமாரிக்குள் ஈரம் இல்லை என்பதற்கு நேரடிச் சாட்சி கிடைத்தது என்று பதிவு செய்தேன். தேதியும் போட்டேன். விஞ்ஞானி அல்லவா?

கர்க்கடக மாசம், நம் ஆடி. ஓணத்துக்கு அதிக நாள் இல்லை. ஒரு காலையில், மழை பெய்துகொண்டிருக்கும்போதே கரண்ட் எகிறியது. கம்ப்யூட்டருக்கு ஸ்டெபிலைசர் இருந்தது, பல்புக்கு இல்லை. ‘டப்’பென்று போயிற்று. தெருவில் முழங்கால் தண்ணீர், கடை ஒன்றும் திறக்கவில்லை. அன்று ஒரு கப்பலுக்கான காகிதங்கள் முழுக்க அடித்தாக வேண்டும், ஒவ்வொன்றும் ஆறு பிரதி. பல்பு இல்லாமல், இந்த மழையில்! நான் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சேச்சி அடித்தார். சாயா வந்தது, குடித்தார், அடித்தார். மத்தியானம் ஆயிற்று. சாயங்காலமும் ஆயிற்று. கடைசிப் பிரதி அச்சாகி வெளியே வந்தது. மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

இதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். மறுநாள் முதல் வேலையாகப் புது நூறு வாட் பல்பு வாங்கிப் போட்டேன். அரை மணியில் மெஷின் நின்றது. ஈரத்தைத் தேடி அலமாரிக்குள் கையை விட்டேன். பெட்டியின் மேல் கை பட்டது. தோசைக்கல். கையை வெடுக்கென்று இழுத்து வாயில் வைத்துக்கொண்டேன். அப்படி வாயில் விரலை வைத்துக்கொண்டு நின்றபோதுதான் ஒவ்வொன்றாக விளங்கிற்று. மழை வந்தால் பல்பு போடுகிறோம். பல்பு போட்டால் சூடு ஏறுகிறது. சூடு ஏறினால் மெஷின் நிற்கிறது. நின்றால் நாங்கள் பெரிய பல்பு வாங்குகிறோம். முழு மழைக்காலமும், நோட்டுப்புத்தகச் சாட்சியோடு, அந்த ஜடத்தை வேகவைத்திருக்கிறேன்.

அப்போது என் முன்னால் இரண்டு வழி இருந்தது. பேசாமல் பல்பை எரிய விட்டால் மெஷின் ஓணம் வரை மரவிச்சுக்கொண்டே இருக்கும்; முதலாளி வெறுத்துப்போய் அதைத் தலைமுழுகுவார்; சேச்சி வேலை பிழைக்கும். இது என் மனதில் தோன்றியது என்பது உண்மை. எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்காதீர்கள். சாயா டம்ளர் பாதி காலியாவதற்குள் நான் முதலாளி அறையில் இருந்தேன். கண்டுபிடித்தவன் நான் என்று சொல்லாமல் அந்த நாளை என்னால் கடத்தியிருக்கவே முடியாது.

முதலாளி வந்தார். பல்பைக் கழற்றச் சொன்னார், சாக்குத்துணியைப் பிடுங்கச் சொன்னார்.

“அப்போ இவ்வளவு நாளும் பல்பாலதானா?”

“ஆமா முதலாளி. நான்தான் கண்டுபிடிச்சேன்.”

“பல்பை வச்சது யாரு?”

நான் எர்த்திங் குழி இருந்த திசையைப் பார்த்தேன்.

“எல்லாருமாச் சேர்ந்துதான் வச்சோம் முதலாளி” என்றார் சேச்சி. கைக்குட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முதலாளி போனபிறகு அவருக்கு நன்றி சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குப் பதிலாக, “பாத்தீங்களா சேச்சி, விடாம ஆராய்ஞ்சா எதுவும் பிடிபடும்” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை மரியாதை அல்ல என்று அன்று முதல்முறையாகச் சந்தேகம் வந்தது.

அதன்பின் மெஷின் கடிகாரம் மாதிரி ஓடியது. ஒரு நாள் நான் எழுந்து நின்று, ஜன்னலைப் பார்த்தபடி, தூசி விஷயமாக ஒரு கடிதம் சொல்ல ஆரம்பித்தேன். ‘தங்கள் மேலான...’

“சாரே, இது மூணாம் நம்பர்தானே?”

“எந்த மூணாம் நம்பர்?”

“தூசின்னா மூணாம் நம்பர். ஈரம்னா நாலாம் நம்பர். கப்பல் தாமதம்னா ரெண்டாம் நம்பர். சார் சொன்ன லெட்டர் எல்லாம் பிளாப்பியில சேத்து வச்சிருக்கேன். மொத்தம் ஏழுதான் வந்துது.”

கப்பல் பெயரையும் மூட்டை எண்ணிக்கையையும் தேதியையும் மாற்றினார். அச்சுப்பொறி கரகரவென்று கத்திவிட்டு என் கடிதத்தை நீட்டியது. படித்துப் பார்த்தேன். என் நடைதான்; ஒரு காற்புள்ளிகூடப் பிசகவில்லை. பதினொரு வருஷ இலக்கியம், ஏழு கடிதம். முதலாளி வாசலில் நின்று இதை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். மெஷின் கடிதம் யோசிக்காது என்று நான் போட்ட கணக்கில் பிழை இல்லை. நானும் யோசித்திருக்கவில்லை என்பதைத்தான் கணக்கில் சேர்க்க விட்டுப்போயிற்று.

ஓணத்துக்கு ஒரு வாரம் முன்னால் முதலாளி கூப்பிட்டார். நல்ல மனுஷர், சுற்றி வளைக்கவில்லை. “ஆலுவாவில நமக்கு வேண்டப்பட்ட கம்பெனி ஒண்ணு இருக்கு, சொல்லி வைக்கிறேன். உனக்கு ஒரு நல்ல சர்ட்டிபிகேட் தரணும். நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போடறேன்.”

எழுத வேண்டியிருக்கவில்லை. வேலையை விட்டுப் போகிறவர்களுக்கு நான் என்றோ சொன்ன நற்சான்று ஏழாம் நம்பரில் இருந்தது. கடைசியாக அதை அடித்தது ஒரு கிட்டங்கிக் காவல்காரருக்கு. சேச்சி பெயரை மாற்றினார், உத்தியோகத்தை மாற்றினார். அவர் என்னைப் பார்க்கவில்லை; நான் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே சரியான மழை. இப்போது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை மரவிச்சால் என்ன என்று இருந்தது. அது பாட்டுக்கு வரி வரியாக அடித்துத் தள்ளியது.

வாங்கிப் படித்தேன். நேர்மையானவர், ஒழுக்கமானவர், பொறுப்பிலிருந்த காலம் முழுவதும் சாக்குகளை எலி கடிக்காமல் பாதுகாத்தார் என்று போட்டிருந்தது.

“ஐயோ, அந்த வரி மாத்த விட்டுப்போச்சு சாரே” என்றார் சேச்சி. “எடுத்துட்டு வேற அடிக்கட்டுமா?”

“வேற என்ன போடறது?” என்று கேட்டேன்.

சேச்சி எழுத்துப்பலகை மேல் விரல்களை வைத்துக்கொண்டு, நான் சொல்வதற்காக, வெகுநேரம் காத்திருந்தார்.