பந்தயத்தில் தோற்ற நண்டுகள்

இந்த நாட்டில் நண்டைப் பிடித்து, கையசைத்து வழியனுப்பி வைக்கிறார்கள். ஊரில் இருந்து படிப்பவர்கள் நம்பித்தான் ஆக வேண்டும். டென்மார்க்கில் ஜூன் மாதம் வெயில் எட்டிப் பார்த்ததும் பிள்ளைகள் துறைமுகப் பலகையில் வரிசையாகக் குப்புறப் படுத்துவிடுவார்கள். துணி மாட்டும் கிளிப்பில் சிப்பிச் சதையைச் செருகிக் கயிற்றில் இறக்கினால், நண்டு கவ்விக்கொண்டு மேலே வரும். வாளி நிறைந்ததும் எல்லாவற்றையும் பலகையில் கவிழ்த்து ஓட்டப்பந்தயம். முதலில் தண்ணீரில் குதிப்பது ஜெயித்த நண்டு. மற்றவையும் பின்னாலேயே குதிக்கும். "ஹை ஹை" என்று டாட்டா காட்டிவிட்டு, இவர்கள் வீட்டுக்குப் போய் ரொட்டி தின்பார்கள்.

நான் கடலூர் தேவனாம்பட்டினத்துக்காரன். நண்டைக் கண்டால் எனக்கு மிளகும் பூண்டும்தான் நினைவுக்கு வரும். 2006இல், இங்கே வந்த முதல் கோடையில், பக்கத்து வீட்டு லார்ஸ் ஒரு வாளி நண்டை என் கையில் கொடுத்துச் சிரித்துவிட்டுப் போனார். பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கி வரும்வரை பிடித்துக்கொள்ளச் சொன்னார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? புது ஊரில் முதல் சீர்வரிசை என்று நெகிழ்ந்துபோய் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். குழம்பு கொதிக்கிற நேரத்தில் கதவு தட்டப்பட்டது. வாசலில் நான்கு பிள்ளைகள். ஜெயிக்கிற நண்டுக்குப் போடக் காகிதப் பதக்கம் வேறு செய்து வைத்திருந்தார்கள். என் மனைவி கதவைத் திறந்ததும் வாசனையே பதில் சொல்லிவிட்டது. அந்தக் கோடை முழுவதும் நான் அந்தத் தெருவின் பூச்சாண்டி.

இந்த ஆண்டு மே மாதம், ஐந்து வயது மகள் நிலாவை முதன்முறையாகச் சிதம்பரத்துக்குப் பக்கத்தில், கிள்ளையில் இருக்கும் அவளுடைய தாய்மாமன் வீட்டுக்கு அழைத்துப் போனோம். மச்சான் செல்வம் விடியும் முன்பே பிச்சாவரம் கழிமுகத்துக்குப் போய், ஒரு கூடை சேற்று நண்டோடு வந்தார். கொடுக்குகளைச் சணலால் கட்டியிருந்தார்.

"எம் மருமவ மொத தடவ வந்துருக்கா. வேற என்னா செய்யறது?"

மருமகள் கூடையைப் பார்த்துக் கைதட்டினாள். தெருப் பிள்ளைகளைக் கூட்டி, மணலில் கோடு கிழித்தாள். கொடுக்கில்தானே கட்டு, கால் எட்டும் சும்மாதானே இருந்தது; கூடையைக் கவிழ்த்ததும் நண்டுகள் ஓட ஆரம்பித்தன. எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால். பந்தயம் எங்கே முடியும் என்று எனக்குத்தானே தெரியும். விட்டால் மச்சானின் விருந்து போச்சு. தடுத்தால் அவள் அழுது, மாமன் வீட்டுச் சோறே வேண்டாம் என்பாள். 'வெள்ளைக்காரப் புள்ளையா வளத்துட்டீங்க' என்று ஒரு சொல் வந்துவிட்டால் எங்களால் தாங்க முடியாது.

ஜெயித்த நண்டு வாய்க்கால் விளிம்பைத் தொட்டது. மச்சான் லபக்கென்று அதை அமுக்கினார். நிலாவின் உதடு துடித்தது.

"அது வீட்டுக்குப் போகணும் மாமா!"

"கட்டோட உட்டா எர புடிக்க முடியாம செத்துப் பூடும் கண்ணு. அவுத்துதான் உடணும்."

சணலை அவிழ்த்துத் தண்ணீரில் விட்டார். நிலா கையசைத்தாள்; அவளைப் பார்த்து அவரும் டாட்டா காட்டினார்.

"ஜெயிச்சது போயிடுச்சி. தோத்ததெல்லாம் நம்முளுது. சரியா?"

நிலா யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். மத்தியானம் மாமன் மடியில் உட்கார்ந்து, மூக்கு ஒழுக ஒழுக, இரண்டு கொடுக்கு தின்றாள்.

போன வாரம் மறுபடி டென்மார்க், மறுபடி பலகை, மறுபடி பந்தயம். ஜெயித்தது தண்ணீரில் குதித்தது; மற்றவை நகர ஆரம்பித்தன. பிள்ளைகளோடு நிலாவும் "ஹை ஹை" என்று கத்தினாள். பிறகு என் காதுக்குள் தமிழில் கேட்டாள்.

"அப்பா, தோத்ததையாவது நாம எடுத்துட்டுப் போலாமா?"

நான் திரும்பி லார்ஸைப் பார்த்தேன். அவர் என்னையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நிலாவின் ஒரு கை தண்ணீரைப் பார்த்து டாட்டா காட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு கை காலி வாளியை விடவே இல்லை.