மேட்டை ஒட்டிய புடைப்பு

அந்த மருந்துச் சோதனைக்கூடத்தில் அவளுக்குச் ‘சுத்தக்காரி’ என்று பேர். பாராட்டு இல்லை, நக்கல். கரைசல் பாட்டிலின் கழுத்தில் ஒரு பூஞ்சைப் புள்ளி தெரிந்தால் போதும், முகத்தைச் சுளித்துக்கொண்டு மொத்தத்தையும் கழிவுக் கேனில் கொட்டிவிடுவாள்.

பதிமூன்று வருஷமாக எச்.பி.எல்.சி. கருவிதான் அவள் பிழைப்பு. மருந்தைக் கரைத்து, சாண் நீள எஃகுக் குழாய்க்குள் அழுத்தித் தள்ளினால், கலந்து கிடக்கிற பொருள்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வெளியே வரும். கணினித் திரையில் ஒவ்வொன்றும் ஒரு மேடாக எழும். வரக்கூடாத மேடு வந்தால் மருந்தில் அழுக்கு என்று அர்த்தம்.

பச்சைக்குழந்தைகளின் இதய நோய்க்கான புதுச் சொட்டு மருந்து அது. ஒரு மருத்துவமனையின் ஆராய்ச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது தடவை தயாரித்த தொகுதியை அவள் கருவியில் ஓட்டியபோது, பெரிய மேட்டை ஒட்டிச் சின்னதாக ஒரு புடைப்பு. முதல் தொகுதியில் அது இல்லை. அதை ஓட்டியவன் சக ஊழியன் சோடாபுட்டி. சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவள் இவள்.

தன் கைதான் அழுக்கு என்று நினைத்தாள். இரண்டு நாள் குழாயைக் கழுவினாள், மாற்றினாள், தண்ணீரைக்கூட மாற்றினாள். புடைப்பு அசையவில்லை. பழைய படத்தோடு ஒப்பிடலாம் என்று கணினியைத் துழாவியபோது ‘பயிற்சி’ என்றொரு கோப்புறை கிடைத்தது. உள்ளே முதல் தொகுதியின் பதினோரு ஓட்டங்கள். பத்தில் அதே புடைப்பு. பதினோராவதில் சோடாபுட்டி குழாயின் சூட்டைப் பத்து டிகிரி ஏற்றியிருந்தான். புடைப்பு பெரிய மேட்டுக்கு அடியில் பதுங்கிவிட்டது. அறிக்கையில் ஏறியது அது ஒன்றுதான்.

சோடாபுட்டி கையுறையைக் கழற்றாமல் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

“என்னடா இது?”

“பயிற்சி ஓட்டம்க்கா. கருவி சூடாக வேணாமா?”

“கருவியா, கரி இன்ஜினா? பதினோரு தடவை சூடேத்த?”

“எல்லாரும் பண்றதுதானே. உங்களுக்கு மட்டும் ஏன் இப்படி மூக்குல ஏறுது?” என்று சிரித்தான். பல்லிடுக்கில் பிஸ்கட் மாவு. அவள் மேனேஜரைக் கூப்பிட்டாள்.

மேனேஜர் அதற்கும் மேலே. “புடைப்புக்கு அடியில கோட்டைக் கொஞ்சம் தூக்கி இழும்மா. அழுக்கோட அளவு குறைஞ்சு வரம்புக்குள்ள வந்துரும். உனக்குத் தெரியாததா?”

“தெரியும் சார். அதான் அருவருப்பா இருக்கு.”

“முதல் அறிக்கையில உன் கையெழுத்து இருக்கு. கிளறினா முதல்ல நாறப்போறது நீதான்.”

அது உண்மை. சோடாபுட்டி ஒற்றைப் படத்தை நீட்டினான், மற்றவை எங்கே என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டாள். பூஞ்சைப் புள்ளியைப் பிடிக்கிற கண் அன்றைக்கு எங்கே மேயப் போயிருந்தது? சோடாபுட்டியின் பிஸ்கட் கையைவிடத் தன் கைதான் இப்போது பிசுபிசுத்தது.

பதினோரு படத்தையும் அச்செடுத்தாள். கூடத்திலேயே நின்று, அந்த இரண்டு பேரும் பார்க்க, ஆராய்ச்சி நடத்தும் டாக்டருக்குப் போன் போட்டாள்.

“முதல் தொகுதி எத்தனை குழந்தைங்களுக்குப் போச்சு டாக்டர்?”

“பதினேழு. யாரு பேசறது?”

“அறிக்கையில ரெண்டாவது கையெழுத்து இருக்கில்ல, அது நான்தான். அந்த அறிக்கை பொய்.”

 மறுமுனையில் யாரையோ அதட்டும் குரல்: “சிஸ்டர், மத்தியானச் சொட்டை யாருக்கும் குடுக்காதீங்க. ஒருத்தருக்கும்!” திரும்பவும் போனுக்கு வந்தார். “உங்க விஷயத்தை அப்புறம் பேசிக்கறேன். இப்ப ஒவ்வொண்ணா சொல்லுங்க.”

அவள் முதல் ஓட்டத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள்.