தனியாக நீட்டிய தளிர்

தொட்டியைக் கவிழ்த்து, மண் சரியாமல் பழந்துணி வைத்து உள்ளங்கையால் தாங்கிக்கொண்டு, கொடியைக் குழாய்த் தண்ணீரில் அலசுகிறார் எங்கள் பக்கத்து வீட்டு எக்ஸ்ரே அக்கா. இலைக்கடியில் சிலந்திப்பேன் அண்டாமலிருக்க வாரம் ஒருமுறை இந்தக் குளியல். இருபத்திரண்டு தொட்டிகள், எல்லாம் தேநீர்க் கோப்பை அளவு. எல்லாவற்றிலும் குட்டி ஐவி என்கிற படர்கொடி. சாதாரண ஐவி சுவரைப் பிடித்தால் வீட்டையே மூடிவிடும். இது ஒரு சாண் வளரவே யோசிக்கும். இலை சட்டைப் பித்தான் அளவு. அதிலும் ஐந்து முனை.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது அவர் வேலை. எலும்பு முறிந்தவரிடம் பேசும் அதே குரல்தான் கொடிகளுக்கும்: "ஆடாம இரு. முடிஞ்சிருச்சு." தொட்டியை ஜன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்தி, ஒற்றைக் கண்ணால் இலை நரம்பைப் பார்ப்பார். என்ன தெரிந்தது என்று கேட்டால் பதில் வராது. படத்தில் தெரிவதை நோயாளியிடம் டாக்டர்தான் சொல்ல வேண்டும். முப்பது வருடம் வாயை மூடிப் பழகியவர்.

மண்ணில் விரல் வைத்து, ஈரம் ஒட்டாவிட்டால்தான் தண்ணீர். "தாகத்துல செத்ததைவிடக் குடிச்சுச் செத்ததுதான் அதிகம்" என்பார்.

குட்டி ஐவிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. திடீரென்று முன்னோர் ஞாபகம் வந்து, பெரிய இலையோடு ஒரு தளிரை நீட்டும். அடியோடு வெட்டாவிட்டால் தொட்டி முழுக்க அதன் ராஜ்யம்தான். கூட்டத்தோடு சேராமல் எது நீண்டாலும் யோசிக்காமல் வெட்டு என்பது வீட்டுச் சட்டம். பள்ளி வேன் ஓட்டும் கணவருக்கு அது மனப்பாடம்.

இந்த வருடம் ஆறாவது தொட்டியில் நேரெதிராக ஒன்று நடந்தது. மற்றதைவிடவும் சின்ன இலையோடு ஒரு தளிர். பாதிப் பித்தான்தான் இருக்கும். முனைகளே இல்லை; உருண்டை; ஓரம் உள்நோக்கிச் சுருண்டிருந்தது. ஐவி வளர்க்கும் யாரிடமும் அக்கா அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அதை வெட்டி நட்டு, அதிலிருந்து மறுபடி வெட்டி நட்டு, நாலைந்து தலைமுறை அப்படியே வந்தால்தான் புது ரகம். இன்னும் கொஞ்சம் நீளட்டும் என்று காத்திருந்தார். கண் பட்டுவிடும் என்று கணவரிடம்கூட மூச்சு விடவில்லை.

அந்தச் சமயம் மகள் வீடு மாறினாள். உதவிக்குப் போய் மூன்று நாள் கழித்துத் திரும்பியவரைக் கணவர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "ஆறாவதுல ஒண்ணு தனியா நீட்டிக்கிட்டு நின்னுச்சு. யோசிக்கவே இல்லை, நறுக்கிட்டேன்."

அக்கா கைப்பையை இறக்காமலே குப்பைக்கூடைக்குப் போனார். காய்கறித் தோலுக்கு அடியில் தளிர் துவண்டு கிடந்தது. கழுவி, குளிர்ந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டு, இரண்டு துண்டாக்கி ஈர மணலில் நட்டார். ஒன்று ஒரு வாரத்தில் கறுத்தது. தாய்ச்செடி அப்படி வேறு தளிர் விடவில்லை. மிச்சமிருந்தது கண்ணாடிச் சீசாவைக் கவிழ்த்து மூடிய அந்த விரற்கடை நீளம்தான்.

அவர் கத்தவில்லை. ஊரிலிருந்து வந்த நான்காம் நாள் சாப்பிடும்போது ஒன்று மட்டும் சொன்னாராம்: "கட்டிக்கிட்டு வந்ததுலேர்ந்து நான் சொன்னதை நீங்க ஒழுங்காக் கேட்டது அன்னைக்கு ஒருநாள்தான்."

அதன்பின் தினமும் மதியம் வேனிலிருந்து போன் வரும். இருக்கா என்பார். பச்சையா என்பார். வண்டியைப் பார்த்து ஓட்டச் சொல்லி அக்கா வைத்துவிடுவார். சீசா இருந்த ஜன்னலைக் கடக்கும்போது மனிதர் உடம்பை ஒருக்களித்து நடந்தார்.

பச்சையாக இருப்பது மட்டும் போதாது. வேரில்லாத தண்டும் ஒரு மாதம் பச்சையாக நிற்கும். மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும்; வேர் பிடித்திருந்தால் எதிர்க்கும், இல்லாவிட்டால் கையோடு வந்துவிடும். ஊரார் எலும்பையெல்லாம் பார்க்கிற அக்கா, இதைப் பார்க்க மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தள்ளிப்போட்டார்.

நான்காவது ஞாயிறு காலை, இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்க நான் போயிருந்தேன். சீசா எடுக்கப்பட்டிருந்தது.

"நீங்க இழுங்க" என்றார் கணவரிடம்.

"நானா? பண்ணினது பத்தாதா?"

"எனக்குக் கை வரலைங்க."

அவர் விரல்களைக் கால்சட்டையில் இரண்டு முறை துடைத்தார். தண்டை நகம் படாமல் பிடித்து இழுத்தார். மணல் லேசாக விரிந்தது. தண்டு வரவில்லை.

"விட மாட்டேங்குது" என்றார், மெதுவாக.

அக்கா தான் இழுத்துப் பார்க்கவில்லை. கணவரின் சுட்டுவிரலைப் பிடித்து, அந்த இலையின் சுருண்ட ஓரத்தில் வைத்து, மெல்ல ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார்.